பக்கவாதத்துக்குப் பிறகு: எண்ணெயும் ஒத்தடமும் எதுவரை உதவும்?

மதுரை மாசி வீதிகளில் உள்ள நாட்டு மருந்துக் கடைகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு. "கை கால் விழுந்தவருக்குத் தடவ நல்ல எண்ணெய் எது இருக்கு?" உசிலம்பட்டி, மேலூர், அலங்காநல்லூர் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள் கேட்பார்கள். கடைக்காரர் இரண்டு மூன்று புட்டிகளை எடுத்து வைப்பார். விலை கேட்டு, கட்டுப்படியாகிற ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அதை எப்போது தடவுவது, தடவிய பிறகு என்ன செய்வது, எந்த வலிக்கு அது கேட்கும், எதற்குக் கேட்காது என்று விசாரிப்பவர்கள் குறைவு.

சோழவந்தான் பக்கத்துக் கொடிக்கால் விவசாயி ஒருவரின் வீட்டில் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் விடை தெரிய ஒன்றரை வருடம் ஆனது. அதற்குள் ஒரு சங்கிலி அடகுக்குப் போனது. இதே நிலையில் இருக்கும் மற்ற வீடுகளுக்கு அவர்கள் பட்டறிந்தது பயன்படும்.

கைநழுவிய நேரம்

அவருக்கு அப்போது 58 வயது. முக்கால் ஏக்கர் வெற்றிலைக் கொடிக்கால், ஒரு ஏக்கர் நெல். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய சோழவந்தான் வெற்றிலைதான் குடும்பத்துக்குச் சோறு போட்டது. கொடிக்கால் வேலை முழுக்க விரல் வேலை. அகத்தியில் கொடியை ஏற்றிக் கட்டுவது, இலை கிள்ளுவது, எண்ணி அடுக்கிக் கவுளி கட்டுவது எல்லாமே கைப் பழக்கம்தான்.

ஒரு மாசி மாதக் காலையில், கிள்ளிய இலை கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவருக்கு வலது கை வரவில்லை. மனைவி கேட்டதற்குப் பதில் குழறலாக வந்தது. வாயும் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

"வாய்வு பிடிச்சிருக்கும் மாமா, கொஞ்ச நேரம் படுங்க, சரியாப் போயிரும்" என்றார் அடுத்த கொடிக்கால்காரர். படுக்க வைத்தார்கள். சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். பாதி வாயோரம் வழிந்தது. புறா ரத்தம் தடவினால் கை கால் வந்துவிடும் என்று சொல்லி, புறா வாங்க ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியே விட்டார். வாடிப்பட்டியிலிருந்து மருமகன் வந்து 108-ஐ அழைத்தபோது மணி பத்தைத் தாண்டிவிட்டது. மதுரை மக்கள் பெரியாஸ்பத்திரி என்று சொல்லும் அரசு இராஜாஜி மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், மூளையின் இடது பக்கம் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்று தெரிந்தது. கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அவருக்கு அந்த நேரம் கடந்திருந்தது.

எண்ணெயைப் பற்றிப் பேசுமுன் இதைச் சொல்லியாக வேண்டும். முகம் கோணுவது, ஒரு பக்கக் கை தொங்கிப்போவது, பேச்சு குழறுவது ஆகிய மூன்றில் எது திடீரென வந்தாலும் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். அடைப்பினாலும் பக்கவாதம் வரும், ரத்தக்குழாய் வெடித்தும் வரும். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஸ்கேன்தான் பிரித்துச் சொல்லும். இரண்டுக்கும் மருத்துவம் வேறு. அந்த நேரத்தில் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. விழுங்கும் சக்தி குறைந்திருந்தால் ஊற்றுவது நுரையீரலுக்குள் போய்விடும். புறா ரத்தத்தால் ஒரு பயனும் இல்லை, போவது நேரம்தான்.

மூன்றாம் மாதம் வந்த வலி

பன்னிரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தபோது அவருடைய வலது கை துணிபோலத் தொங்கியது. கால் கொஞ்சம் பிடிமானம் கொடுத்தது. ஒரு மாதத்தில் கம்பு ஊன்றி வாசல்வரை நடந்தார். "கால் வந்துருச்சு, கையும் வந்துரும்" என்று எல்லோரும் தெம்பாக இருந்தார்கள்.

கை வந்தது, ஆனால் வேறு விதமாக. இரண்டாம் மாதக் கடைசியில் முழங்கை மெல்ல மடங்கத் தொடங்கியது. விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டன. நீட்டிவிட்டால் மறுபடி மடங்கிக்கொண்டன. மூன்றாம் மாதம் தோளில் வலி பிடித்தது. இரவில் அந்தப் பக்கம் புரண்டால் அலறிக்கொண்டு எழுந்தார். அவர் தூங்காததால் மனைவிக்கும் தூக்கம் போயிற்று.

இந்த விறைப்பு ஏன் வருகிறது என்பதைக் கொடிக்கால்காரருக்குப் புரிகிறபடி சொல்லலாம். தசைகளை எவ்வளவு இறுக்க வேண்டும், எப்போது தளர்த்த வேண்டும் என்று ஆள்வது மூளை. வாய்க்காலில் மதகு ஆள் இருப்பதைப் போல. அந்த ஆள் இல்லாமல் போனால், தண்டுவடம் தன் போக்கில் தசைகளை இறுக்கிக்கொண்டே இருக்கும். மடக்கும் தசைகள் கையில் பலமானவை என்பதால் கை மடங்குகிறது. வாரக்கணக்கில் மடங்கியே கிடந்தால் தசையும் நரம்புநாரும் உண்மையிலேயே குட்டையாகிவிடும். அதன் பிறகு நீட்டுவது கடினம்.

தோள்வலிக்குக் காரணம் வேறு. தோள் மூட்டைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் சுற்றியுள்ள தசைகளே. அவை தளர்ந்திருக்கும் நாட்களில் கையின் கனமே மூட்டைக் கீழே இழுக்கும். அந்தச் சமயத்தில் நோயாளியைத் தூக்க அக்குளில் கை கொடுத்து இழுத்தாலோ, விழுந்த கையைப் பிடித்து எழுப்பினாலோ தோளுக்குள் காயமாகிவிடும். இந்த வீட்டில் தினமும் இரண்டு பேர் அப்படித்தான் தூக்கி உட்கார வைத்திருக்கிறார்கள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. பாசத்தோடுதான் தூக்கினார்கள்.

பதினான்கு நாள் எண்ணெய் சிகிச்சை

உறவினர் ஒருவர் சொன்னதன் பேரில், சங்கிலியை அடகு வைத்து, தனியார் ஆயுர்வேத நிலையம் ஒன்றில் பதினான்கு நாள் தங்கினார்கள். காலையில் வெதுவெதுப்பான எண்ணெய் ஊற்றித் தேய்ப்பது, பிறகு இலைக்கிழி, கடைசி ஏழு நாள் நவரக்கிழி.

பக்கவாதத்தை ஆயுர்வேதம் 'பக்ஷாகாதம்' என்கிறது. வாதத்தின் குணம் வறட்சியும் குளிர்ச்சியும். அதனால் எண்ணெய்ப்பசையும் சூடும் அதற்கு மாற்று என்பது அதன் அடிப்படை. எண்ணெயோடு கூடிய வியர்வை சிகிச்சையையும் பேதியையும் சரக சம்ஹிதை இந்த நோய்க்குச் சொல்கிறது. நம் சித்த மருத்துவத்தில் யூகி முனிவர் பெயரால் வழங்கும் நூல் வாத நோய்களை எண்பதாக வகைப்படுத்துகிறது. தொக்கணம் என்கிற தேய்ப்பு முறை, ஒத்தடம், பற்று, வர்மம் எல்லாம் சித்த மருத்துவர்கள் கையாளும் வழிகள்.

இந்த மருந்துகளில் பாதி நம் வயலிலும் வரப்பிலும் இருப்பவை. கார்ப்பாசாஸ்தியாதி தைலத்தில் பருத்தி விதை, கொள்ளு, உளுந்து சேர்கின்றன. க்ஷீரபலா தைலம் சிற்றாமுட்டி வேரும் பாலும் நல்லெண்ணெயும் சேர்த்துக் காய்ச்சுவது. சித்தத்தில் உளுந்துத் தைலம் உண்டு. நவரக்கிழிக்கு அறுபது நாள் நெல்லான நவரை அரிசியைப் பாலிலும் சிற்றாமுட்டிக் கஷாயத்திலும் வேக வைத்துத் துணியில் முடிகிறார்கள். இலைக்கிழிக்கு நொச்சி, ஆமணக்கு, புளி, முருங்கை இலைகள். மதுரைச் சமவெளியில் வேலியோரம் நிற்கும் வாதநாராயணன் மரத்து இலையும் வாத வலிக்குப் பேர்போனது.

பதினான்கு நாளில் என்ன நடந்தது? தோள்வலி பாதியாகக் குறைந்தது. இரவு நாலைந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினார். சிகிச்சை முடிந்த கையோடு பார்த்தால் விரல்களை எளிதாகப் பிரிக்க முடிந்தது. மனைவிக்கு அதுவே பெரிய ஆறுதல். ஆனால் கை தானாக உயரவில்லை. விரல் தானாக விரியவில்லை. வீட்டுக்கு வந்து மூன்றாவது வாரம் விறைப்பு பழையபடி திரும்பிவிட்டது. இன்னொரு பதினான்கு நாளுக்கு அடகு வைக்க அந்த வீட்டில் ஒன்றும் மிச்சமில்லை.

தேதித்தாள் பின்பக்கம் எழுதிய கேள்விகள்

அந்த நேரத்தில்தான் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வந்தார். 2021 ஆகஸ்ட் 5-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய இந்தத் திட்டத்தில், ரத்தக் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகள் வீடு தேடி வருவதோடு, தேவைப்படுவோருக்கு இயன்முறை சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்கிறது. வந்த பெண் கையைப் பார்த்துவிட்டு, "அம்மா, எண்ணெய் தேய்ச்சது நல்லதுதான். தேய்ச்ச பிறகு கையை நீட்டிப் பயிற்சி கொடுத்தீங்களா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. தேய்ச்சு முடிச்சதும் குளிப்பாட்டிப் படுக்க வச்சிருவோம்."

"அப்பத்தானே தசை தளர்ந்திருக்கு. அந்த அரை மணி நேரந்தான் பயிற்சிக்கு நல்ல நேரம். அதை விட்டுட்டீங்களே!"

மனைவிக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. எண்ணெயும் சூடும் நிலத்தை ஈரமாக்குவதுபோல. ஈரம் இருக்கும்போது உழ வேண்டும். உழாமல் விட்டால் மறுபடி காய்ந்து கட்டிதட்டிப் போகும்.

மனசில் இருந்த சந்தேகங்களையெல்லாம் அவர் நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டு, அரசு மருத்துவமனை ஒன்றின் சித்த மருத்துவப் பிரிவுக்குப் போனார். அங்கிருந்த மருத்துவர் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார்.

*"எண்ணெய் தேய்ச்சா கை பழையபடி வந்துருமா?"*

"மூளையில போன இடத்தை எண்ணெய் திருப்பிக் கொண்டாராதும்மா. அதுக்கு உறுதியான சான்று இல்ல. வலி குறையும், தசை தளரும், தோல் நல்லா இருக்கும், தூக்கம் வரும். அதுக்காகத் தேய்ங்க. கை வேலை செய்யணும்னா பயிற்சிதான்."

*"விளக்கெண்ணெயா, நல்லெண்ணெயா, தைலமா?"*

விலை கூடினால் பலன் கூடும் என்பதில்லை என்றார் மருத்துவர். சித்தப் பிரிவில் தருகிற தைலம் போதும். அது இல்லாத நாளில் வெறும் நல்லெண்ணெயே போதும். வெளியே வாங்கினால் புட்டியில் உரிம எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரசின் டாம்ப்கால் நிறுவனமும், 1944-ல் தொடங்கிய இம்காப்ஸ் கூட்டுறவு நிறுவனமும் இந்த மருந்துகளைத் தயாரிக்கின்றன.

*"எல்லா வலிக்கும் இதே எண்ணெய்தானா?"*

இல்லை. தோளை அசைத்தால் வருகிற வலி, விறைப்பினால் வருகிற இழுப்பு வலி ஆகியவற்றுக்கு ஒத்தடமும் தேய்ப்பும் இதமாக இருக்கும். விழுந்த பக்கம் முழுக்க எரிவதுபோல, குளிர்ந்த நீர் பட்டாலே சுடுவதுபோல வருகிற வலி வேறு. அது மூளையிலிருந்தே கிளம்பும் வலி. அதற்குத் தேய்ப்பு கேட்காது. நரம்பியல் மருத்துவர் எழுதித் தரும் மாத்திரை வேண்டும். புறங்கை வீங்கிச் சிவந்து தொட முடியாமல் வலித்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். விறைப்பு மிகவும் கடுமையாக இருந்தால் அதைத் தளர்த்த மாத்திரையும் ஊசியும் பெரிய மருத்துவமனைகளில் உண்டு.

*"இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திட்டு இதை மட்டும் பாக்கலாமா?"*

இந்தக் கேள்விக்கு மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொன்னாராம். "நிறுத்தவே கூடாதும்மா. ரத்தக் கொதிப்பு மாத்திரை, ரத்தம் கட்டாம இருக்கிற மாத்திரை, கொழுப்பு மாத்திரை எதையும் நீங்களா நிறுத்தாதீங்க. ஒருதடவை வந்தவங்களுக்கு மறுதடவை வர வாய்ப்பு அதிகம். ரெண்டாவது தடவை வந்தா எந்தத் தைலமும் உதவாது."

அந்த வீட்டில் உண்மையாகவே ஒன்றரை மாதம் ரத்தக் கொதிப்பு மாத்திரை நின்றிருந்தது. "உடம்பு சூடாகுதுன்னு இவுகதான் வேண்டாம்னாக" என்று மனைவி அங்கே வைத்துத்தான் சொன்னார். அன்றைக்கே அளந்து பார்த்து, மறுபடி மாத்திரை தொடங்கினார்கள்.

தினமும் ஒரு மணி நேரம்

அதன் பிறகு அந்த வீட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. காலையில் பால் கறந்து முடித்ததும் ஒரு மணி நேரம் கைக்கு என்று ஒதுக்கினார்கள்.

முதலில் எண்ணெய். நேராக அடுப்பில் காய்ச்சாமல், கிண்ணத்தில் ஊற்றி வெந்நீருக்குள் வைத்து வெதுவெதுப்பாக்கிக்கொள்வார்கள். பத்து நிமிடம் மெதுவாக, ஒரே சீராகத் தேய்ப்பார்கள். வேகமாக அழுத்தித் தேய்த்தாலும் தட்டினாலும் விறைப்பு கூடும் என்று இயன்முறை மருத்துவர் சொல்லியிருந்தார்.

அடுத்து கிழி. நொச்சி, ஆமணக்கு, புளியிலை, முருங்கை இலைகளை அரிந்து, கொஞ்சம் விளக்கெண்ணெய் விட்டு வதக்கி, பழைய பருத்தி வேட்டித் துணியில் முடிந்து, தோசைக்கல்லில் சூடு காட்டுவார்கள். எருக்கும் ஊமத்தையும் சேர்ப்பதுண்டு என்றாலும் வீட்டில் வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து, ஊமத்தை நஞ்சு.

கிழி வைக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விழுந்த பக்கத்தில் பலருக்குச் சூடு தெரியாது. சர்க்கரை நோயும் இருந்தால் இன்னும் தெரியாது. "சுடுதாங்க?" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள், தோல் கொப்பளித்திருக்கும். அதனால் மனைவி முதலில் தன் முன்கையில் வைத்துப் பார்ப்பார். பிறகு அவருடைய நல்ல கையில். அதன் பிறகே விழுந்த கையில். ஓரிடத்தில் வைத்து அழுத்தாமல் ஒற்றி ஒற்றி எடுப்பார். பத்துப் பதினைந்து நிமிடம் போதும்.

சூடு ஆறுமுன் பயிற்சி. முழங்கையை மெதுவாக நீட்டி அரை நிமிடம் அப்படியே பிடிப்பது. சுருண்ட விரல்களை வலிந்து பிரிக்காமல், மணிக்கட்டை முதலில் உள்பக்கம் மடக்குவது. அப்போது விரல்கள் தாமாகவே கொஞ்சம் தளரும். அந்த நேரத்தில் பெருவிரலின் அடியைப் பிடித்து விரித்து, பிறகு மணிக்கட்டை மெல்ல நிமிர்த்துவது. தோளை, இயன்முறை மருத்துவர் காட்டிய அளவுக்கு மேல் தூக்குவதில்லை. கடைசியாகக் குதிகாலைக் கையில் ஏந்தி, பாதத்தை முழங்கால் பக்கமாகத் தள்ளிப் பிடிப்பது.

மற்ற நேரத்தில் கை தொங்கக் கூடாது. உட்கார்ந்திருந்தால் தலையணை மேல் கை. படுத்தால் தோளுக்கும் கைக்கும் அடியில் மடித்த போர்வை. தூக்கும்போது இடுப்பில் துண்டைக் கட்டி அதைப் பிடித்துத் தூக்குகிறார்கள். கையைப் பிடித்து யாரும் இழுப்பதில்லை. மாமா என்று வந்து கை கொடுக்கிறவர்களுக்கும் இதைச் சொல்லிச் சொல்லி மனைவிக்கு வாய் வலித்துவிட்டது.

குடும்பத்தார் சொல்லிக் கொடுத்தபடி செய்தால் போதும், மருத்துவர் தேவையில்லை என்று நினைத்துவிடக் கூடாது. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பக்கவாத நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2017-ல் லான்செட் இதழில் வெளிவந்தது. வீட்டாருக்குப் பயிற்சி கொடுத்து அனுப்பியதால் மட்டும் ஆறு மாத முடிவில் நோயாளிகளின் நிலையில் குறிப்பிடும்படி வித்தியாசம் தெரியவில்லை என்பதே அதன் முடிவு. இயன்முறை மருத்துவர் அவ்வப்போது பார்த்துத் திருத்துவது அவசியம். கை மாற மாற பயிற்சியும் மாற வேண்டும்.

இவருக்கு அப்படி மாறிய பயிற்சி வெற்றிலைதான். "ஐயாவுக்குப் பழகின வேலையைக் கொடுங்க" என்றார் இயன்முறை மருத்துவர். தினமும் சாயங்காலம் ஒரு தட்டு வெற்றிலையை முன்னால் வைத்தார்கள். இடது கையால் எடுத்து, வலது கைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் செருகி, அழுத்திப் பிடித்து, விட வேண்டும். வாய்விட்டு எண்ண வேண்டும். பெயர் சொல்லி மனைவியைக் கூப்பிட வராத வாய்க்கு ஒன்று, இரண்டு, மூன்று வந்தது. பக்கவாதத்தில் பேச்சுப் போனவர்களுக்கும் எண், கிழமை போன்ற மனப்பாட வரிசைகள் மிஞ்சுவதுண்டு. முதல் வாரம் ஏழோடு நின்றார். மூன்று மாதத்தில் முப்பதைத் தாண்டினார்.

எப்போது தேய்க்கக் கூடாது?

கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் அந்தக் காலைத் தொடவே கூடாது. உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். தேய்த்தால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடும். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சல், தோலில் புண், படுக்கைப்புண் இருக்கும்போது அந்த இடங்களில் எண்ணெயும் கிழியும் வேண்டாம். விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு லேகியமோ, கஷாயமோ, மூக்கில் விடும் மருந்தோ மருத்துவர் பார்க்காமல் கொடுக்கக் கூடாது.

உள்ளுக்குச் சாப்பிடும் மருந்துகளில் கூடுதல் கவனம் வேண்டும். மூலிகை என்றாலே கெடுதல் இல்லை என்பது சரியல்ல. இருமலுக்கு நல்லதான அதிமதுரம், தொடர்ந்து சாப்பிட்டால் ரத்தக் கொதிப்பை ஏற்றும். பக்கவாதம் வந்தவருக்கு அது கூடாது. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எந்தக் கஷாயம் குடித்தாலும் அதை எழுதித் தந்த மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். பற்பம், செந்தூரம் போன்றவை பதிவு பெற்ற சித்த, ஆயுர்வேத மருத்துவர் பார்த்துக் கொடுக்க வேண்டியவை. பஸ் நிலையத்திலும் சந்தையிலும் பெயர் இல்லாத பொட்டலத்தில் விற்பதை வாங்கக் கூடாது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்த ஓர் ஆய்வு 2004-ல் வெளிவந்தது. அவற்றில் 14-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் போன்றவை இருந்தன. பெயர் அச்சிட்டு விற்றவற்றிலேயே இப்படியென்றால் பொட்டலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

தங்கிச் சிகிச்சை எடுக்க விரும்புகிறவர்கள் பணம் கட்டுமுன் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ளலாம். சிகிச்சை தருபவர் பட்டம் பெற்ற, பதிவு செய்த மருத்துவரா? எண்ணெயோடு சேர்த்து இயன்முறைப் பயிற்சியும் உண்டா? ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளை நிறுத்தச் சொல்வார்களா? நிறுத்தச் சொல்கிற இடத்துக்குப் போக வேண்டியதில்லை. "பூரணமாகக் குணப்படுத்துவோம்" என்று உறுதி சொல்கிற இடத்துக்கும் போக வேண்டியதில்லை. சங்கிலியை அடகு வைக்குமுன், பக்கத்து அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவை ஒருதடவை பார்த்துவிட்டு வந்தால் பாதிச் செலவு மிச்சமாகும். பாளையங்கோட்டையில் 1964-லிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரியும், நாகர்கோவில் கோட்டாற்றில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையோடு இயங்குகின்றன. தென் மாவட்டத்துக்காரர்களுக்கு இவை எட்டும் தூரம்தான்.

இப்போது

மூன்று வருடம் ஆகிறது. அவர் கொடிக்காலுக்குள் கம்பு ஊன்றி நடக்கிறார். ஏணியில் ஏறிக் கொடி கட்டுவது இனி இல்லை. அதற்கு ஆள் போடுகிறார்கள். வலது கைப் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் இலையைப் பிடிக்கும் அளவுக்கு வந்திருக்கின்றன. மற்ற மூன்று விரல்களும் சுருண்டவைதான். தோள்வலி மழைக்காலத்தில் எட்டிப் பார்க்கும்; நாலு நாள் கிழி வைத்தால் அடங்கும். திண்ணையில் உட்கார்ந்து, இடது கையால் அடுக்கி, வலது கையால் அமுக்கிக்கொண்டு, ஒரு நாளைக்கு ஆறேழு கவுளி கட்டுகிறார். முன்பு அரை மணியில் முடிகிற வேலை, இப்போது மதியம்வரை இழுக்கிறது. நெல்லை வாரத்துக்கு விட்டுவிட்டார்கள். அடகு வைத்த சங்கிலி இன்னும் திரும்பவில்லை.

இன்னொன்றும் நடந்தது. மாத்திரை கொடுக்க வந்த சுகாதாரத் தன்னார்வலர் ஒருநாள், "நீங்களும் கையைக் கொடுங்க அம்மா, அளந்து பாத்துருவோம்" என்றார். மனைவிக்கும் ரத்தக் கொதிப்பு அதிகமாக இருந்தது. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, ஒரு அறிகுறியும் இல்லை. இத்தனை நாள் புருஷனைக் கவனித்த அலைச்சலில் தன் உடம்பைப் பார்க்கத் தோன்றவில்லை. இப்போது இருவருக்கும் ஒரே டப்பாவில் இரண்டு பக்கமாக மாத்திரைகள் இருக்கின்றன.

ஊரில் யாருக்காவது வாதம் அடித்தால் அவரிடம்தான் வந்து கேட்கிறார்கள். "மதினி, அண்ணனுக்கு என்ன எண்ணெய் தேய்ச்சீக? பேரைச் சொல்லுங்க." அவர் எண்ணெயின் பெயரைச் சொல்வார். கூடவே, காலையில் அந்த ஒரு மணி நேரம் கூட இருந்து கையை நீட்டிவிட வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பார். அப்புறம், வீட்டில் நாற்பதைத் தாண்டிய மற்றவர்கள் ரத்தக் கொதிப்பு பார்த்தாயிற்றா என்றும் கேட்பார்.